கண்ணாடியைக் கழற்றி வைப்பவர்

அவர் கண்ணாடியைக் கழற்றும் முறை எப்போதும் ஒன்றுதான். முதலில் வலது காது, பிறகு இடது காது. கம்பிகளை மடக்கி, மேசையின் இடது மூலையில் மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைப்பார். கைகள் இரண்டையும் மடியில் போட்டுக்கொண்டு, எதிரில் இருக்கும் ஆளிடம் சொல்வார்:

"இப்போ எனக்கு ஒண்ணும் தெரியாதுவே. எதுத்தாப்புல இருக்கது ஆளா அலமாரியான்னுகூடத் தெரியாது. சொல்லும்."

அது வெறும் பேச்சல்ல. ஒருமுறை கண்ணாடி இல்லாமல் எழுந்தவர், சுவரில் தொங்கிய தம்முடைய கோட்டைப் பார்த்து, "உக்காரும் அண்ணாச்சி" என்றார்.

யுத்த காலத்தில் தூத்துக்குடித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு சின்ன தர்ம ஆஸ்பத்திரி இருந்தது. இரண்டே அறைகள். முன்னறையில் நோயாளிகள் பெஞ்சுகளில் காத்திருப்பார்கள், உள்ளறையில் டாக்டர். அந்த உள்ளறையின் ஓரத்தில், ஒரு துணித் தட்டிக்குப் பின்னால் என் மேசை. சீட்டு எழுதுவதும் ரிஜிஸ்தரில் பதிவதும் என் வேலை. எனக்கு அப்போது முப்பத்தொரு வயது. நானும் கண்ணாடி போட்டவன். இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டேன். அன்று எழுதிய நாட்குறிப்புகள் பக்கத்தில் இருப்பதால் இதைத் துணிந்து எழுதுகிறேன். அவர் பெயரை எழுதப்போவதில்லை. தம்மிடம் வந்தவர்களின் பெயர் வெளியே போகக் கூடாது என்று அவ்வளவு கண்டிப்பாக இருந்தவரின் பெயரை நான் வெளியிடுவது முறையல்ல.

காய்ச்சல், கழிச்சல், வெட்டுக்காயம் எல்லாவற்றுக்கும் மருந்து கொடுத்தார். ஆனால் ஊரில் அவருக்குப் பேர் வந்தது, ஆண்கள் வெளியே சொல்ல முடியாத கோளாறுகளைப் பார்த்ததால்தான். துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறவர்கள், தோணிக்காரர்கள், உப்பளத்து ஆட்கள், கடைக்காரர்கள் என்று பலரும் வந்தார்கள். வந்ததும் உள்ளதைச் சொன்னவர் ஒருவரும் இல்லை. காது குத்துகிறது என்பார்கள். கண் எரிகிறது, பசியில்லை என்பார்கள். டாக்டர் அதற்கும் ஒரு மருந்து எழுதிக் கொடுப்பார். சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்த ஆள் வாசல் வரை போய், கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பான். டாக்டர் அதற்காகவே காத்திருப்பவர் போல, "திரும்பி வந்து உக்காரும்" என்பார். கை வலது காதுக்குப் போகும்.

"உக்காந்து சொல்லுறது ஊருக்காகச் சொல்லுற நோய். எந்திரிச்ச பெறவு சொல்லுறதுதான் அவனுக்கு உள்ள நோய்" என்று என்னிடம் ஒரு நாள் சொன்னார்.

துறைமுகத்தில் ஒருவரையொருவர், "என்னலே, கண்ணாடியைக் கழத்திட்டாரா?" என்று கேலி செய்துகொள்வார்கள். கேலி செய்தவனே அடுத்த வாரம் வந்து பெஞ்சின் கடைசியில் உட்கார்ந்திருப்பான்.

எனக்கு அவர் இரண்டு விதிகள் வைத்திருந்தார். கண்ணாடியைக் கழற்றியதும் நான் தலையை நிமிர்த்தக் கூடாது. ரிஜிஸ்தரில் நோய் என்ற கட்டத்தில் "இடுப்பு வலி" என்று மட்டும் எழுத வேண்டும். இரண்டாவது விதி எனக்கு உறுத்தியது. உள்ளதை உள்ளபடி எழுதிப் பழகியவன் நான்.

"ஐயா, ஒரு நாளைக்கு ஒம்பது இடுப்பு வலின்னா மேலிடத்துல கேக்க மாட்டாங்களா?"

"துறைமுகம் இல்லையாவே? மூட்டை தூக்குதானுவ. இடுப்பு வலிக்காம என்ன செய்யும்?"

இரண்டு விதிகளையும் நான் வழுவாமல் கடைப்பிடித்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. அந்தக் கோளாறு எனக்கும் இருந்தது. கல்யாணமாகி நான்கு வருஷம். முதல் இரண்டு வருஷம் ஒரு குறையும் இல்லை. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உடம்பு என் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டது. குழந்தையில்லை. என் மனைவி மலடி என்று அம்மா முடிவு கட்டியிருந்தாள். வெயில் காலம் முடிவதற்குள் அவளை ஆழ்வார்திருநகரிக்கு, அவள் அப்பா வீட்டுக்கு அனுப்பிவிட்டு எனக்கு வேறு பெண் பார்ப்பதென்று வீட்டில் பேச்சு. என் மனைவி பதில் சொன்னதே இல்லை. உள்ளதைச் சொன்னால் பழி என்மேல் வரும் என்று வாயை மூடிக்கொண்டிருந்தாள். நான் ஒரு வாக்கியம் பேசினால் அவள் இருப்பாள். பேசாவிட்டால் போவாள். அந்த வாக்கியத்தைக் கேட்கத் தெரிந்தவர் ஊரில் ஒரே ஒருவர் இருந்தார். அவருக்கு நான்கு முழத் தூரத்தில் தினமும் ஏழு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். சாயந்தரம் கிளம்பும்போது கதவருகில் நின்று, "வேற வேலை இருக்காய்யா?" என்று கேட்பேன். "இல்லைவே, போயிட்டு வாரும்" என்பார். போய்விடுவேன்.

அவரிடம் நகைச்சுவை இருந்தது. ஆனால் அது யாரையும் சிறுமைப்படுத்தியதில்லை. புதிதாகக் கல்யாணமான ஒருவன் ஒரு லேகியக்காரனின் நோட்டீஸை எடுத்துக்கொண்டு வந்து அழுதான். வாலிப வயதில் செய்த தவறுகளால் நரம்பு தளர்ந்துபோனதற்கு அடையாளங்கள் என்று அதில் ஒரு பட்டியல் இருந்தது. டாக்டர் கண்ணாடியைப் போட்டு அதை உரக்கப் படித்தார்.

"தலைவலி, சோம்பல், மறதி, காலையில எழும்ப மனசில்லாமை. இவ்வளவும் ஒமக்கு இருக்கா?"

"எல்லாம் இருக்குய்யா."

"எனக்கும் இருக்கு. இந்தா, நம்ம கிளார்க்குக்கும் இருக்கும். இதுக்குப் பேரு நோய் இல்லைவே. திங்கக்கிழமை."

அவன் அழுகையை நிறுத்திவிட்டுச் சிரித்தான். தட்டிக்குப் பின்னால் என் காது சுட்டது.

அந்த லேகியத்தைத் தின்று, அதிலிருந்த பாதரசத்தால் ஈறு வீங்கி வந்தவர்களும் உண்டு. அவர்களைப் பார்த்தால் மட்டும் அவருக்குக் கோபம் வரும். "வாலிபம் திரும்பும்னு போட்டிருக்கான். திரும்புறதுக்கு அது என்ன திருச்செந்தூர் பஸ்ஸா?" என்பார்.

காயல்பட்டினத்து வியாபாரி ஒருவர் முழங்கால் வலி என்று மூன்று தடவை வந்தார். வெள்ளைத் தொப்பி, அத்தர் வாசனை, அறுபது வயது. மூன்றாவது தடவைதான் கதவருகில் நின்றார். திரும்பி வந்து உட்கார்ந்தவர் வெகுநேரம் தொண்டையைச் செருமிவிட்டு, "இந்த வயசுல இவருக்கு இது என்னத்துக்குன்னு நீங்க நினைப்பீங்க, டாக்டர்" என்றார்.

"நான் எங்க நினைச்சேன் மரைக்காயரே? கண்ணாடி இல்லாம எனக்கு ஒங்க வயசே தெரியலை."

பெரியவர் தொப்பியைக் கழற்றித் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார்.

கப்பலாட்களோடு போகாத வீடுகளுக்குப் போய், சிறுநீர் எரிச்சலோடு வருகிறவனிடம் அவர் விடாமல் கேட்பது ஒன்றுதான்: "பொஞ்சாதிக்கும் மாத்திரை வேணும்லா?" அவன் தயங்குவான். "ஒனக்கு மட்டும் தந்தா ஓட்டைச் சட்டியில தண்ணி விட்ட கதைதான். அவளைக் கூட்டியா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன், நீதான் சொல்லணும்." பாதிப் பேர் கூட்டி வந்தார்கள். மீதிப் பேர் வரவில்லை. அந்த மீதிப் பேரை நினைத்து அவர் சில நாட்கள் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறக்காமலே வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்.

இடுப்பு வலிக்காரர்கள் எல்லோரிடமும் சிறுநீர் வாங்கிச் சோதிப்பார். நீலக் கரைசலில் சில சொட்டு விட்டு, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சுவார். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை, மஞ்சள் என்று மாறினால் இருக்கிறது. செங்கல் நிறம் வந்தால் மிக அதிகம். "அந்த இடம் சும்மா மக்கர் பண்ணாதுவே. வீட்டுல எங்கயோ கூரை ஒழுகுது. இதுதான் முதல்ல நனையுற சுவரு" என்பார். வெட்கப்பட்டு வந்த சிலருக்கு நீரிழிவு இருந்ததை அப்படித்தான் கண்டுபிடித்தார். இதையெல்லாம் கேட்டுக்கொண்டே நான் இடுப்பு வலி, இடுப்பு வலி என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

மாசி மாதம் ஒரு புதன்கிழமை, காலை பத்தேகால் மணிக்குப் புன்னைக்காயலிலிருந்து ஒருவன் வந்தான். கடலில் மூழ்கிச் சங்கு எடுக்கும் குளியாள். வயது இருபத்தெட்டு என்றான். கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியம் என்ற துணிக்கயிறு. நோய், காதடைப்பு. குளியாட்களுக்கு அது வருவதுதான். மருந்தை எழுதி வாங்கிக்கொண்டு கதவு வரை போனான். நின்றான். கண்ணாடி மைக்கூட்டுக்குப் பக்கத்தில் போயிற்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவன் குரலில் நடுக்கமே இல்லை. சந்தைக்குப் போன கதையைச் சொல்வதுபோல் சொன்னான்.

"கல்யாணம் முடிஞ்சு பத்து மாசம் ஆச்சுய்யா. ஒரு நாளும் ஏலலை. அவ தன் அம்மைகிட்ட சொல்லிப்பிட்டா போல. அவ அண்ணன் நேத்துலேர்ந்து என்கிட்டப் பேசலை."

"பேசாட்டி என்னவே? நாலு நாள்ல பேசுவான்."

"என் கயிறு அவன் கையிலதான்யா இருக்கு."

எங்கள் கடற்கரையில் அது பழைய வழக்கம். முத்தோ சங்கோ எடுக்க இறங்குகிறவனின் இடுப்புக் கயிற்றை, தோணியிலிருந்து அவன் மனைவியின் அண்ணனோ தம்பியோதான் பிடிப்பான். தங்கை தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்ற நம்பிக்கை. தங்கையே இவன் புருஷனில்லை என்று சொல்லிவிட்டால் அந்தக் கயிற்றுக்கு என்ன அர்த்தம் என்பதுதான் அவன் கேட்டது.

டாக்டர் அதைப் பயம் என்று எடுத்துக்கொண்டார். "பத்து மாசம் பயந்துக்கிட்டே கிடந்தா எந்த உடம்புதான் கேக்கும்? இது தீருற கோளாறுதான். திங்கக்கிழமை வாரும், ஒரு சோதனை செய்வோம். அந்தப் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு வாரும். சரியாப்போகும்."

"சரிங்கய்யா."

அந்தச் "சரிங்கய்யா"வில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றும் சொல்லத் தெரியவில்லை. நான் விதியை மீறினேன். தலையை நிமிர்த்தித் தட்டியின் ஓரமாகப் பார்த்தேன். அவன் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். தலை மெதுவாக இடமும் வலமும் அசைந்துகொண்டிருந்தது, இல்லை, இல்லை என்று. அப்படி அசைத்துக்கொண்டே, "சரிங்கய்யா, வாரேன்" என்று இன்னொரு முறை சொன்னான். எழுந்து போனான். சீட்டை மேசையிலேயே விட்டுவிட்டுப் போனான்.

மறுபடி வர நினைக்கிறவன் சீட்டை எடுத்துக்கொண்டு போவான். மூன்று வருஷம் சீட்டு எழுதியவன், எனக்கு அது தெரியும். ஆனால் பார்த்ததைச் சொன்னால் நிமிர்ந்ததையும் சொல்ல வேண்டும். டாக்டர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, "அடுத்த ஆளைக் கூப்பிடும்" என்றார். நான் அந்தச் சீட்டைத் திங்கட்கிழமைக்குரிய அட்டையில் ஒழுங்காகச் செருகிவைத்தேன். ரிஜிஸ்தரில் இடுப்பு வலி என்று எழுதினேன்.

திங்கட்கிழமை வரவில்லை. அதற்கு முன்பே, சனிக்கிழமை காலையில், அவன் மச்சான் வந்தான். பெஞ்சில் உட்காராமல் நேரே உள்ளே வந்து நின்றான். பெரிய கைகள், உள்ளங்கையெல்லாம் கயிற்றுத் தழும்பு.

"நேத்து சங்கு குளிக்க எறங்கினான்யா. கயிறு அசையலை. இழுத்தேன். வெறுங்கயிறுதான் வந்திச்சு. அறுந்து வரலை, முடிச்சை அவுத்து விட்டிருக்கான். இன்னிக்கு விடியக்காலம் உடம்பு கரையில ஒதுங்கிச்சு." கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டான். "அவனா அவுத்துக்கிட்டான்னா அது தற்கொலை, கோயில் கல்லறையில எடம் இல்லைங்காங்க. அவன் அவுக்கலைன்னா நான் விட்டுட்டேன்னு சொல்லுதாங்க. ஒங்ககிட்ட வந்துட்டுப் போனானாமே. அவனுக்கு என்ன நோய்யா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் ரிஜிஸ்தரைத் திருப்பிக் காட்டினேன். அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான்.

"இடுப்பு வலி." நிமிர்ந்தான். "இடுப்பு வலிக்கா ஒருத்தன் கடலுக்குள்ள கயித்த அவுப்பான்?"

டாக்டர் ரிஜிஸ்தரை மூடினார்.

"நான் மூணு நாள் அவன்கிட்டப் பேசலைய்யா. அவ்வளவுதான் நான் செஞ்சது" என்று சொல்லிவிட்டு அந்தப் பெரிய கைகளால் முகத்தை மூடிக்கொண்டான்.

டாக்டர் கோட்டை எடுத்து மாட்டினார். என்னையும் ரிஜிஸ்தரை எடுத்துக்கொண்டு வரச்சொன்னார். பாதி வழி பஸ், மீதி வழி மாட்டுவண்டி. புன்னைக்காயல் போய்ச் சேரும்போது மணி இரண்டு. கோயில் முற்றத்தில் பங்குச் சாமியாரும் ஊர்ப் பெரியவர்களும் நின்றிருந்தார்கள். தூரத்தில் ஒரு வீட்டிலிருந்து பெண்களின் அழுகை கேட்டது. டாக்டர் செருப்பைக் கழற்றிவிட்டு மணலில் நின்று சொன்னார்.

"புதங்கிழமை அவரு என்கிட்ட வந்தாரு. நெஞ்சுல கோளாறு இருந்தது. கடல்ல எறங்காதீரும்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லலை. தண்ணிக்குள்ள மூச்சு முட்டினவன் கை தன்னால முடிச்சைப் பிய்க்கும். அவரு சாகணும்னு அவுக்கவும் இல்லை, இவரு கயித்தை விடவும் இல்லை. தப்பு என்னுது."

"ரிஜிஸ்தருல இடுப்பு வலின்னு போட்டிருக்காமே" என்றார் ஒரு பெரியவர்.

"ஆமா. அதுவும் என் தப்புதான்."

பெரியவர் மணலில் துப்பினார். "படிச்ச டாக்டராம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மச்சான்காரன் தலையைக் குனிந்தபடி நின்றான். நெஞ்சுக் கோளாறு பொய் என்று அவனுக்குத் தெரியும், டாக்டருக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.  நாலு மணிக்கு மணி அடித்து, கல்லறைச் சுவருக்கு உள்ளேயே அடக்கம் செய்தார்கள்.

திரும்பும்போது வண்டியில் நான் பார்த்ததைச் சொன்னேன். தலை அசைந்ததையும் சீட்டை விட்டுப் போனதையும் சொன்னேன்.

"அப்பவே ஏன்வே சொல்லலை?"

"நிமிரக் கூடாதுன்னு சொல்லியிருந்தீங்களேய்யா."

 ஆற்றுப்பாலம் தாண்டிய பிறகு, "என் கண்ணைக் கழத்தி வச்சேன். ஒம்ம கண்ணைக் கட்டி வச்சேன். அவன் ஒரு அறையில ரெண்டு குருடங்ககிட்ட வந்துட்டுப் போயிருக்கான்" என்றார்.

அந்தத் திங்கட்கிழமையிலிருந்து அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை. வழக்கம்போல் ஆட்கள் கதவருகில் நின்றார்கள். "திரும்பி வந்து உக்காரும்" என்பார். வந்து உட்கார்ந்தவர்கள் அந்த இரண்டு கண்ணாடிச் சில்லுகளையும் பார்ப்பார்கள். அவர் கை பழக்கத்தில் வலது காது வரை போய் அங்கேயே நிற்கும்.

மூட்டை தூக்கும் ஒருவன் வாய்விட்டே கேட்டான். "அதைக் கழத்துங்கய்யா."

"இனிமே முடியாதுவே. ஒம்ம மூஞ்சைப் பாத்துத்தான் கேப்பேன்."

அவன் யோசித்தான். "அப்போ எனக்குக் காது வலிதான்" என்று எழுந்து போனான்.

நான்காவது வாரம் ரிஜிஸ்தரில் இடுப்பு வலி ஒன்றுகூட இல்லை. பஸ் நிற்கும் இடத்தில் லேகியக்காரனைச் சுற்றிக் கூட்டம் நின்றதை நானே பார்த்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை. ஆனால் அவருக்குத் தெரிந்திருந்தது. ஆளில்லாத நேரங்களில் ஸ்பிரிட் விளக்கை ஏற்றுவார், அணைப்பார். "பாத்தா சொல்ல மாட்டேங்கான். பாக்காட்டி செத்துப்போறான். நான் என்னதான்வே செய்யட்டும்?" என்று ஒருநாள் கேட்டார்.  கேட்டது என்னைத்தானா என்று தெரியவில்லை.

நெஞ்சுக் கோளாற்றைக் கவனிக்காமல் ஒருவனைச் சாகவிட்ட டாக்டர் என்று யாரோ மனு எழுதிப் போட்டார்கள். சித்திரை பிறந்ததும் அவரை உள்நாட்டில் ஓர் ஊருக்குப் போகச் சொல்லி உத்தரவு வந்தது. சனிக்கிழமை கடைசி நாள். அதே வாரம் வீட்டில் அம்மாவும் நாள் குறித்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் என் மனைவி ஆழ்வார்திருநகரிக்குப் போக வேண்டியது.

சனிக்கிழமை நண்பகல். நோயாளிகள் போய்விட்டார்கள். அவர் தம் சொந்தப் புத்தகங்களைக் கயிற்றால் கட்டிக்கொண்டிருந்தார். நான் ரிஜிஸ்தரை மூடி, எழுந்து, கதவு வரை போய், நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வேற வேலை இருக்காய்யா?" என்ற வாக்கியம் வாய்க்கு வந்துவிட்டது. அதைச் சொல்லவில்லை. திரும்பி வந்து நோயாளிகளின் ஸ்டூலில் உட்கார்ந்தேன்.

அவர் கயிற்றை விட்டார். நாற்காலிக்கு வந்தார். கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார். கை வலது காதுக்குப் போகவில்லை.

நான் என் கண்ணாடியைக் கழற்றினேன். முதலில் வலது காது, பிறகு இடது. கம்பிகளை மடக்கி மைக்கூட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். எதிரில் இருந்தது முகமா, கோட்டா என்று தெரியாமல் போயிற்று. அந்த மங்கலைப் பார்த்துச் சொன்னேன். ஒரு வாக்கியம் என்று நினைத்திருந்தேன். கால் மணி நேரம் ஆனது. மனைவி ஊருக்குப் போவதையும் சொன்னேன்.

முடித்ததும் அவர் குரல் கேட்டது. "தாகம் உண்டுமா?"

தாகம் பற்றி என்னிடம் துல்லியமான பதில் இருந்தது. நாட்குறிப்பில் தினமும் எத்தனை டம்ளர் தண்ணீர் என்று எழுதுகிறவன் நான். தையில் ஏழு, மாசியில் ஒன்பது, இப்போது பதினான்கு என்றேன்.

"எடை?"

"ஒரு வருஷத்துல பதினேழு ராத்தல் குறைஞ்சிருக்குய்யா."

"ஒண்ணுக்கு இருந்த எடத்துல எறும்பு மொய்க்கா?"

"மொய்க்குய்யா. அதையும் எழுதியிருக்கேன்."

"இவ்வளவையும் எழுதி வச்சிருக்கீரு. அதை மட்டும் எழுதலை."

"இல்லைய்யா. யாராவது படிச்சிட்டா?"

"ஒம்ம டைரியை யாருவே படிப்பா?"

கட்டி வைத்த பெட்டியை அவிழ்த்துச் சோதனைக் குழாயை எடுத்தார். விளக்கை ஏற்றும் சத்தம் கேட்டது. காத்திருந்தேன். கரைசல் கொதித்தது.

"கண்ணாடியைப் போடும்வே. இதை நீரே பாக்கணும்."

போட்டேன். குழாயில் நீலம் இல்லை. பச்சை வந்து போய்விட்டது, மஞ்சளும் போய்விட்டது. அடியில் செங்கல் நிறம் கெட்டியாகப் படிந்திருந்தது.

"இன்னும் ஒரு வருஷம் இடுப்பு வலின்னே உக்காந்திருந்தீர்னா நீரு போய்ச் சேந்திருப்பீரு" என்றார். பாளையங்கோட்டையில் தமக்குத் தெரிந்த ஒரு டாக்டருக்குக் கடிதம் எழுதினார். என்ன சாப்பிடலாம், என்ன கூடாது என்று ஒரு தாள் நிறைய எழுதிக் கொடுத்தார்.

"அது திரும்புமாய்யா?"

"வரலாம். வராமலும் போகலாம். அது பஸ்ஸு இல்லைன்னு நான்தானே சொல்லியிருக்கேன். மொதல்ல நீரு இரும்."

ரிஜிஸ்தரைத் திறந்து என் பெயரை எழுதினேன். நோய் என்ற கட்டத்தில் பேனா நின்றது. அவரைப் பார்த்தேன். "உள்ளதை எழுதும்" என்றார். எழுதினேன்.

கடைசியாகக் கதவைப் பூட்டும்போது அவர் சொன்னார்: "ஆறு மாசமா சாயந்தரம் சாயந்தரம் இந்த நிலையைப் பிடிச்சுக்கிட்டு வேலை இருக்கா வேலை இருக்கான்னு கேட்டீரு. நீரா உக்காருவீர்னு இருந்தேன். அதுவும் தப்போ என்னவோ." பிறகு புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு துறைமுகச் சாலையில் நடந்துபோனார். அதற்குப் பின் அவரை நான் பார்க்கவில்லை. இரண்டு கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. அங்கே போய் அவர் கண்ணாடியைக் கழற்றினாரா, போட்டுக்கொண்டே இருந்தாரா என்று தெரியாது.

மறுநாள் காலை ஆறரை மணிக்கு வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. என் மனைவி தகரப் பெட்டியோடு நடையில் நின்றாள். அம்மா அவளிடம், "போயிட்டு வாளா. அப்பா வீட்டுல மனசுக்கு நிம்மதியா இரு" என்றாள்.

"சரி அத்தை" என்றாள் அவள்.

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். வாய் சரி என்று சொன்னது. தலை மெதுவாக இடமும் வலமும் அசைந்துகொண்டிருந்தது.

அந்த அசைவை நான் ஏற்கனவே ஒரு முறை பார்த்திருந்தேன். கை என் கண்ணாடிக்குப் போனது. கழற்றவில்லை. இரண்டு பேர் முகத்தையும் பார்த்தபடியே சொன்னேன்.

"அம்மா, கோளாறு அவகிட்ட இல்லை. என்கிட்ட. ரெண்டு வருஷமா."

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு, "எவன்லே சொன்னான்? ஊரைவிட்டு ஓடுற அந்த டாக்டரா?" என்று கேட்டாள்.

"நான் சொல்லுதேன்."

போய் என் மனைவியின் கையிலிருந்த பெட்டியை வாங்கினேன். கையில் கனமே தெரியவில்லை. உள்ளே கொண்டுபோய்த் திறந்து பார்த்தேன். காலியாக இருந்தது. மாற்றுச் சேலை ஒன்றுகூட எடுத்து வைக்காமல் அவள் எங்கே போகப் புறப்பட்டாள் என்று நான் அன்று கேட்கவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு நாளும் கேட்டதில்லை.